சிகிச்சை முடியும்வரை

விதி இதுதான்: அரசு ஊழியரின் குடும்பத்தில் ஒருவர் கடும் நோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும்போது, மாற்றலாகிப் போகும் ஊரில் அந்தச் சிகிச்சை கிடைக்காது என்று மருத்துவர் சான்று கொடுத்தால், சிகிச்சை முடியும்வரை அவரைப் பழைய ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

விதிகளில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டவை குறைவு. வேலைக்காலம் முழுவதும் மத்திய அரசின் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன், தெளிவாக இருக்கும் விதிதான் நடைமுறைக்கு வராது. குழப்பமான விதிக்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம் சொல்லி எப்படியோ காரியத்தை முடித்துவிடுவார்கள். தெளிவான விதியைக் கண்டால் எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிடும்.

எழுபதுகளின் கடைசியில், என்னை டெல்லியிலிருந்து ஷில்லாங்குக்கு மாற்றி உத்தரவு வந்தபோது, என் மனைவிக்கு மார்பில் தொடங்கிய புற்றுநோய் இடுப்பெலும்பு வரை போயிருந்தது. அவள் லோதி ரோட்டுப் பள்ளியில் கணக்கு டீச்சர். மோதி பாக்கில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் ஏறிப் போய், வலியோடு மாடிப்படி ஏறி, பத்தாம் வகுப்புக்கு வட்டமும் முக்கோணமும் நடத்திக்கொண்டிருந்தாள். வெட்டியெடுத்துத் தீர்க்கும் கட்டம் கடந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொன்ன டாக்டரம்மா வங்காளி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

அந்த ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. இப்படிப் பரவிவிட்ட நோய்க்கு மருந்துகளைக் கூட்டாகக் கொடுத்துப் பார்ப்பது. ஒரு பிரிவுக்கு வழக்கமான மூன்று மருந்துகள். இன்னொரு பிரிவுக்கு அந்த மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டு, புதிதாக வந்த சிவப்பு மருந்து ஒன்று. யாருக்கு எந்தப் பிரிவு என்பதை ஒட்டி மூடிய உறை ஒன்றைப் பிரித்துத்தான் தெரிந்துகொள்வார்கள். டாக்டர் உட்பட யாரும் அதை மாற்ற முடியாது.

“இரண்டில் எது நல்லது?” என்று கேட்டேன்.

“தெரியாது. தெரிந்திருந்தால் எல்லோருக்கும் அதையே கொடுத்துவிட்டு நான் நேரத்தோடு வீட்டுக்குப் போவேன்” என்றார் டாக்டரம்மா. முந்தின வாரம் ஒரு பெரிய அதிகாரி போன் செய்து, தன் உறவுக்காரப் பெண்ணை நல்ல பிரிவில் போடச் சொன்னாராம். “எது நல்ல பிரிவு என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், சோதனையையே நிறுத்திவிடுகிறேன்” என்று இவர் பதில் சொன்னாராம்.

டெல்லியில் சிபாரிசு செல்லாத ஒரு வரிசை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எனக்குத் தொப்பி இருந்தால் கழற்றியிருப்பேன். என் மனைவி என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டாள். அம்பாசமுத்திரத்துப் பேச்சை டெல்லி அவளிடமிருந்து பிடுங்கியதே இல்லை.

“சோதனைக்குக் கையெழுத்துப் போடுதேன். ரெண்டும் சமம்னு வந்தாலும் அதுவும் ஒரு விடைதானங்க” என்றாள்.

உறையில் அவளுக்குச் சிவப்பு மருந்து வந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை போக வேண்டும். ரத்தத்தில் வெள்ளணு குறைந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அடுத்த வாரம் போக வேண்டும். நோயை விரட்டிவிடுவதாக டாக்டரம்மா சொல்லவில்லை. பின்னுக்குத் தள்ளலாம், எவ்வளவு தூரம் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம் என்றார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். நடுவில் ஊரைவிட்டுப் போனால் சோதனையிலிருந்து வெளியே. வேறு ஊரில் இந்த மருந்து கிடைக்காது.

ஆகவே இரண்டு வரி விதியை மேற்கோள் காட்டி, சான்றை இணைத்து விண்ணப்பித்தேன். ஒரு வாரத்தில் எங்கள் அமைச்சகத்தின் நிர்வாகப் பிரிவு ஆட்சேபணை எழுப்பியது. சோதனை என்பது ஆராய்ச்சி. ஆராய்ச்சி சிகிச்சை ஆகாது. சிகிச்சையே நடக்காதபோது அது முடியும்வரை இருக்க அனுமதிப்பது எப்படி? எனவே இவரை இங்கிருந்து உடனே விடுவித்து ஷில்லாங்குக்கு அனுப்பலாம்.

என் மேலதிகாரி பஞ்சாபி, நல்ல மனிதர். என்னை விட்டால் அவருடைய குறிப்புகளை எழுத ஆள் கிடையாது என்பதும் அவர் கவலைக்கு ஒரு காரணம். “அரே பாபுஜி, யாராவது எம்.பி.யைப் பிடியுங்க, ஜல்தி பிடியுங்க” என்றார்.

எம்.பி.யைப் பிடித்தால் அவர் எழுதுவார், அமைச்சர் அலுவலகம் விசாரிக்கும், கோப்பு மூன்றே நாளில் ஓடிவந்து ‘முடியாது’ என்று சொல்லிவிடும். எதிர்த்து வாதாடினாலும் அதே கதைதான். வாதத்துக்கு மறுப்பு எழுதுவது குமாஸ்தாவுக்கு வெற்றிலை போடுவது போல. நான் வேறு ஒன்று செய்தேன். ஆட்சேபணையை வரவேற்றேன்.

‘நிர்வாகப் பிரிவு எழுப்பியுள்ள வினா மிக முக்கியமான கொள்கைப் பிரச்சினையாகும். சோதனை முறையில் அளிக்கப்படும் மருந்து சிகிச்சையா என்பதை இந்த அமைச்சகம் தனித்து முடிவுசெய்தால் அது பிற அமைச்சகங்களுக்கும் முன்னுதாரணமாகிவிடும். சுகாதார அமைச்சகத்தின் கருத்தைப் பெறுவது நலம்.’

இதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. ஆனால் ‘கொள்கை’ என்றும் ‘முன்னுதாரணம்’ என்றும் படித்த பிறகு எந்த அதிகாரியும் தன் கையால் முடிவெடுக்க மாட்டார். ஒரு கோப்பு இன்னோர் அமைச்சகத்துக்குக் கருத்துக் கேட்டுப் போய்விட்டால், அதைப் பெற்றவர்களும் மறந்துவிடுவார்கள், வளர்ப்பவர்களும் கவனிக்க மாட்டார்கள். அது திரும்பும்வரை என் விண்ணப்பம் நிலுவை. நிலுவையில் இருப்பவனை விடுவிக்க முடியாது.

கோப்பு போனது. என் மனைவிக்கு மருந்து ஏறியது.

இரண்டாவது தடவைக்குள் அவள் முடி முழுக்கக் கொட்டிவிட்டது. சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அதற்கு அவள் பயப்படவில்லை. வாய்ப்புண்ணுக்குத் தயிர்சோறு. வாந்தி வரும் நாட்களில் பாத்ரூமுக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொள்வாள். வாந்தி நின்றதும் தலையில் ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிடுவாள். பக்கத்து வீட்டு மாமி ஒரு நாள் மாடிப்படியில் நிறுத்தினாள்.

“என்னடி இது, திருப்பதியா? சொல்லவே இல்லையே. என்ன வேண்டுதல்?”

“ஆமா மாமி, பெரிய வேண்டுதல். இன்னும் பாக்கி இருக்கு.”

“லட்டு எங்கடி?”

“ஆஸ்பத்திரியில குடுக்குதாங்க மாமி, செவப்பு லட்டு. உங்களுக்கு வேண்டாம்.”

உள்ளே வந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. “நீங்க ஏங்க மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? மொட்டை எனக்குத்தான?” என்றாள்.

மருந்து ஏறும் நேரத்தை அவள் வீணாக்கியதில்லை. ஊசி ஏறாத கையில் சிவப்புப் பென்சிலோடு விடைத்தாள் திருத்துவாள். டாக்டரம்மா பக்கத்தில் வந்து நின்றால், இத்தனை பேரின் பலனை எப்படிக் கூட்டி ஒப்பிடுவீர்கள், நடுவில் நின்றுபோனவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள் என்றெல்லாம் கேட்பாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காகிதத்தில் போட்டுக் காட்டுவார். தன்னையும் அந்தக் கணக்கில் ஓர் எண்ணாகச் சேர்த்திருக்கிறார்கள் என்பதில் என் மனைவிக்கு இருந்த பெருமையைக் கடைசிவரை எந்த விருதும் எனக்குத் தந்ததில்லை. விருது எதுவும் வரவுமில்லை என்பது வேறு விஷயம்.

கோப்பு சுகாதார அமைச்சகத்திலிருந்து படிப்படியாகக் கீழிறங்கி, கடைசியில் அதே டாக்டரம்மாவின் மேசைக்கே வந்ததாம். இது சிகிச்சையா ஆராய்ச்சியா என்று கேட்டிருந்தார்கள். ‘நோயாளியை வந்து பாருங்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். இது அழைப்பே தவிரக் கருத்து ஆகாது என்று சுகாதார அமைச்சகம் அதை அவருக்கே திருப்பியனுப்பியது. நான் திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு அழகாக அமைந்திருக்காது.

ஐந்தாவது தடவைக்குப் பிறகு இடுப்பு வலி குறைந்தது. கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறினாள். அந்த நேரம் பார்த்துத்தான் ஆபத்து வந்தது. நிர்வாகப் பிரிவுக்குத் திறமையான அதிகாரி ஒருவர் மாற்றலாகி வந்தார். ஒரு கோப்பு தாமதமாவதற்குச் சோம்பேறிகளை நம்பலாம். திறமைசாலியை என்ன செய்வது? வந்த வாரத்திலேயே ஆளை அனுப்பி என் கோப்பைக் கையோடு எடுத்துவரச் செய்தார். அதே வாரம் வெள்ளணு குறைந்து என் மனைவியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நாள் தள்ளிக்கொண்டே போனது, கோப்போ நெருங்கிக்கொண்டே வந்தது.

என்னைக் கூப்பிட்டார். ஒரியாக்காரர், இளைஞர், மேசையில் தூசி கிடையாது. என் கோப்பு முன்னால் திறந்திருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. அதற்கு முன் யாரும் அதைச் செய்திருக்கவில்லை.

“இந்தக் கொள்கைப் பிரச்சினை உங்கள் கண்டுபிடிப்பா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை சார், உங்கள் பிரிவின் கண்டுபிடிப்பு. நான் வழிமொழிந்தேன்.”

சிரிக்கவில்லை. பக்கங்களைப் புரட்டினார். ஆட்சேபணை சரி என்று இன்றே கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை நான் ஷில்லாங் புறப்பட டிக்கெட் எடுக்க வேண்டும். அவரும் அதை அறிந்தே இருந்தார்.

“இன்னும் எத்தனை தடவை மருந்து?”

“இரண்டு.”

பேனாவைத் திறந்தார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் எழுதியது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது, ஆனால் தலைகீழாகப் படிப்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். ‘செலவு சம்பந்தப்பட்டிருப்பதால் நிதிப் பிரிவின் இசைவு தேவை.’ நிதிப் பிரிவுக்குப் போன கோப்பு இரண்டு மாதத்துக்குள் திரும்பிய வரலாறு எங்கள் அமைச்சகத்தில் இல்லை. செலவு என்று இதில் ஒரு காசும் கிடையாது. இரண்டும் அவருக்குத் தெரியும்.

“போகலாம்” என்றார். பிறகு, “உங்கள் மனைவி என்ன வேலை பார்க்கிறார்?”

“கணக்கு டீச்சர், சார்.”

“அப்படித்தான் நினைத்தேன்” என்றார். ஏன் அப்படி நினைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு தடவையும் முடிந்தன. எக்ஸ்ரேயில் எலும்பு ஆறத் தொடங்கியிருந்ததைக் காட்டி, டாக்டரம்மா முதல் முறையாக என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அவள் அதற்குப் பிறகும் பல வருடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினாள். நோய் திரும்பி வந்தது, வராமல் இல்லை. ஆனால் அது வேறு காலம். நடுவில் கிடைத்த அந்த வருடங்களை அவள் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் செலவழித்தாள். சிவப்பு மருந்தோடு சேர்ந்த கூட்டு எந்த அளவு உதவியது என்று டாக்டர்கள் தங்கள் கணக்கை முடித்திருப்பார்கள். அதில் ஒரு எண் எங்கள் வீட்டிலிருந்து போனது.

கடைசி மருந்து ஏறி முடிந்ததும், மருத்துவர் கொடுத்த நிறைவுச் சான்றை முறைப்படி அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஷில்லாங் பதவி சிக்கன நடவடிக்கையில் ரத்தாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்கும் சில மாதங்கள் கழித்து, வீட்டு முகவரிக்கு, பழுப்பு உறையில் என் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. ‘தங்கள் மனைவியின் சிகிச்சை முடிந்துவிட்டபடியால், தங்கள் கோரிக்கைமீது மேல்நடவடிக்கை எதுவும் தேவையில்லை.’

நான் இரண்டு முறை படித்துவிட்டு அவளிடம் நீட்டினேன். அவள் அரையாண்டு விடைத்தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதிதாக முளைத்த முடி காதுவரை சுருண்டிருந்தது. படித்தாள். சிவப்புப் பென்சிலால் ‘சிகிச்சை’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

“விடை சரி. ஒத்துக்கிட்டாங்க பாத்தீங்களா?” என்றாள். “ஆனா பரீட்சை முடிஞ்சப்புறம்ல பேப்பரக் குடுக்காங்க. பாதி மார்க்குதான்.”

ஓரத்தில் மார்க்கைப் போட்டு, அதன் கீழே பள்ளிக்கூட வழக்கப்படி தேதியையும் எழுதினாள்: ஜனவரி பதினாறு, மாட்டுப் பொங்கல்.