கரண்டக்கா வீட்டு அடுப்படிப் பிளக்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் கரண்டக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளை வேனக்கா என்று கூப்பிட்டிருக்கலாம், நியாயம் அதுதான். ஆனால் எவர் வீட்டு இஸ்திரிப் பெட்டி சூடாக மறுத்தாலும், எவர் வீட்டு அழைப்பு மணிக்குத் தொண்டை கட்டிக்கொண்டாலும், வேனை ஓரங்கட்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நிற்பாள். காசு வாங்க மாட்டாள். அதற்குப் பதிலாக உட்கார்ந்து பேசுவாள். பேச்சு முடிவதற்குள், பேசாமல் காசையே கொடுத்துத் தொலைத்திருக்கலாமோ என்று சிலருக்குத் தோன்றியதும் உண்டு.

கல்யாணமான புதிதில் பிடித்த பைத்தியம் இது. அப்போது குடியிருந்த வாடகை வீட்டில் ஃபேன் நின்றுபோனது. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டால் "இதோ கிளம்பிட்டேன்" என்பார். நாளெல்லாம் கிளம்பிக்கொண்டே இருந்தாரே தவிர வந்தபாடில்லை. நல்ல வெயில் காலம். பொறுத்துப் பார்த்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெகுலேட்டரைத் தானே கழற்றிக் கடையில் காட்டி, அதே மாதிரி ஒன்று வாங்கிவந்து மாட்டினாள். ஃபேன் சுற்றியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இனி என் வீட்டுக்குள் எலக்ட்ரீஷியன் என்று ஒருத்தன் கால் வைக்கக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

அதற்காக அவளை அசட்டுத் துணிச்சல்காரி என்று நினைத்துவிடக் கூடாது. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடிமனான கம்பியைச் சுற்றி வைப்பவர்களுக்குத் தற்கொலைப்படை என்று பெயர் வைத்திருந்தாள். எந்த வேலையைத் தொடும் முன்பும் மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாள். முன்னொரு தடவை அவள் ஸ்டூலின் மேல் நிற்கும்போதே, டிவி ஓடவில்லையே என்று தம்பி மெயினைப் போட்டுவிட்டான். அவன் அன்று வாங்கிய திட்டு சாமானியமானதல்ல. அதற்குப் பிறகு வந்த பழக்கம் இந்தப் பை. "கட்டை என் பையில இருக்கிற வரைக்கும் இந்த வீட்ல கரண்டுக்கு வேலையே இல்ல" என்று பையைத் தட்டிக் காட்டுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷனோ கரண்ட் என்றால் காத தூரம் ஓடுகிற ஆள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. விளக்குப் போடுவதென்றாலும் ரப்பர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் சுவிட்சுக்குப் பக்கத்தில் போவார். பிளக்கைப் பிடுங்குவதற்குள் அவருக்கு வியர்த்துவிடும். தெரு அவருக்குச் செருப்பு சார் என்று பெயர் வைத்தது. அவர் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவர் இல்லை. வீட்டில் விவரம் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள், நமக்கென்ன கவலை என்கிற நிம்மதியில் வாழ்ந்துவந்தார். சட்டைத் துணி எடுப்பதிலிருந்து மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்பதுவரை அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அப்படியிருக்க, ஒரு மழை நாளில் கரண்டக்கா வேன் படியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துபோய் மாவுக்கட்டு போட்டார்கள். வண்டி ஓட்டக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவள் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனையாகச் சுற்றிச் சுற்றி வந்தாள். அந்த நேரம் பார்த்து அடுப்படிச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் மக்கர் பண்ணியது. வெந்நீர்க் கெட்டிலைச் செருகினால் படபடவென்று பொறி. பக்கத்தில் போனால் கருகல் வாடை.

வீடு அக்காவும் தம்பியும் சேர்ந்து கட்டியது. கீழே இவள், மாடியில் அவன். மாடிப்படிக்கு அடியில் இரண்டு வீட்டு மீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வேலைக்குக் கிளம்பிய தம்பி வாசலில் நின்று விஷயத்தைக் கேட்டான்.

"மாமா, எனக்குத் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் ஒருத்தர் இருக்காரு. வரச் சொல்லட்டுமா?"

"என் வீட்டுக்கா?" என்றாள் அக்கா. அவ்வளவுதான், தம்பி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க பண்ணுங்க. நான் பக்கத்துல நின்னு சொல்றேன்."

"நானா?"

"அரிசி மாதிரி இருக்கிற ஸ்க்ரூவையெல்லாம் கண்ணாடியில மாட்றீங்க. இது அதைவிடப் பெருசுதானே?"

"அது என்னைக் கொல்லாதேம்மா."

"ஒண்ணும் ஆகாது, வாங்க" என்று இடது கையாலேயே மெயினை அணைத்துக் கட்டையைப் பிடுங்கினாள். அவர் கண்ணுக்கு நேராக அதை ஆட்டிக் காட்டிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். கூடத்து ஃபேன் நின்றது. அடுப்படி விளக்கும் அணைந்தது. வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரைப் பேனா மாதிரி பிடித்தபடி நின்றார். "எதுக்கும் டெஸ்டர் வெச்சு ஒரு தடவை பாத்துடலாமா?"

டெஸ்டர் வேனில் இருந்தது. வேன் தெருக்கோடியில் நின்றது. அதைவிட, இத்தனை வருஷம் இந்த வேலை பார்ப்பவளை, ஒரு பிளக்கைப் பிடுங்கவே நடுங்குகிற மனிதர் சோதித்துப் பார்ப்பதா என்று அவளுக்குச் சுருக்கென்றது.

"கட்டை என் பையில இருக்கு. என்மேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?"

இப்படிக் கேட்டால் எந்தப் புருஷன்தான் இல்லை என்பான்? அவர் மறுபேச்சில்லாமல் வேலையில் இறங்கினார். மூடியைக் கழற்றும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. தொழில் பழக்கம் விடுமா, ஸ்க்ரூக்களை வரிசையாக ஒரு தட்டில் எடுத்து வைத்தார். அவளுக்கே பெருமையாக இருந்தது. பரவாயில்லையே, மனுஷன் தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு ஒயர் கருகிப் போயிருந்தது. "அந்தக் கருப்பா இருக்கிறதை லூஸ் பண்ணி வெளியே இழுங்க" என்றாள்.

அவர் ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கையை ஈரத் தொட்டி விளிம்பில் ஊன்றிக்கொண்டு, மறு கை விரலை வைத்தார். வைத்த வேகத்தில் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. ஸ்க்ரூ டிரைவர் பாத்திரங்களுக்குள் போய் விழுந்தது. எதிர்ச் சுவரில் மோதித் தரையில் சரிந்தார்.

"என்னங்க!"

அவர் பேந்தப் பேந்த விழித்தார். விரலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தப்புச் செய்த பிள்ளை மாதிரி அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார்.

"ஒண்ணுமில்லம்மா. எல்லாம் என் பயம். நிஜமாவே ஷாக் அடிச்ச மாதிரி காட்டிடுச்சு. கட்டை உன் பையிலதானே இருக்கு, அப்புறம் எப்படி அடிக்கும்?"

சொல்லிக்கொண்டே எழுந்தார். விழுந்த வேகத்தில் செருப்பு இரண்டும் எங்கோ போயிருந்தன. பாத்திரங்களிலிருந்து கொட்டிய தண்ணீர் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று, இதோ முடித்துவிடுகிறேன் என்கிற மாதிரி, மறுபடியும் அந்த ஒயரை நோக்கிக் கையை நீட்டினார்.

அவளுக்குக் கத்த நேரமில்லை. பாய்ந்து போய் இடது கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இருவருமாகக் கதவோரம் விழுந்தார்கள். மாவுக்கட்டு நிலைச்சட்டத்தில் இடித்து உயிர் போகிற வலி. அதற்குப் பிறகுதான் கத்தினாள். "தொடாதீங்க! தொடாதீங்க!"

அவரைக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்து, அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடினாள். டெஸ்டரோடு வந்து, தரையைத் துடைத்து, செருப்புப் போட்டுக்கொண்டு அந்த ஒயரில் வைத்தாள். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. கட்டை என்னவோ அவள் பையில்தான் இருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. சில வருஷங்களுக்கு முன் கீழ்வீட்டில் மட்டும் சாயங்காலமானால் கரண்ட் போகும், மாடியில் இருக்கும். ஃப்ரிட்ஜில் இருப்பதெல்லாம் கெட்டுப்போகிறதே என்று தம்பி தன் மீட்டரிலிருந்து இந்த அடுப்படிப் பிளக்குக்கு ஒரு லைன் இழுத்துக் கொடுத்தான். ஒயர் தொங்கினால் அசிங்கம் என்று அதை மூடப் பிளாஸ்டிக் பட்டி அடித்து, சுவர் நிறத்திலேயே பெயிண்டும் பூசியது வேறு யாருமில்லை, இவள்தான். பிறகு கோளாறு சரியானது. ஃப்ரிட்ஜ் கூடத்துக்குப் போனது, அந்த இடத்துக்குக் கெட்டில் வந்தது. பெயிண்டுக்கு அடியில் இருந்த ஒயரை எல்லோரும் மறந்துபோனார்கள்.

படிக்கட்டுக்கு அடியில் போய்த் தம்பி வீட்டுக் கட்டையையும் பிடுங்கினாள். உடனே மாடியிலிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது. "அண்ணி! எங்க வீட்ல கரண்ட் போயிடுச்சு! நீங்க வந்து என்னன்னு பாத்தா தேவலை!"

"நான்தான்மா புடுங்கினேன்! சும்மா இரு!"

திரும்பி வந்து டெஸ்டரை வைத்தாள். இப்போது எரியவில்லை. இன்னொரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள். "அந்த எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுடா. இன்னைக்கே." மறுமுனையில் தம்பி, "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

போனை வைத்துவிட்டுப் புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் விரல் நுனியில் வெள்ளையாக ஒரு சின்னச் சூட்டுக்காயம். நெஞ்சு படபடக்கிறதா, கை மரத்திருக்கிறதா, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிடலாமா என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். ஷாக் அடித்ததுகூட அவளை அவ்வளவு உலுக்கவில்லை. அடித்த பிறகும் தன் உடம்பை நம்பாமல் இவள் வார்த்தையை நம்பி எழுந்து நின்றாரே, அதுதான் உலுக்கியது. இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது தன் வாயால் ஆனதாக இருந்திருக்கும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்க முடியாமல் அழுதாள்.

"நல்லாத்தான் இருக்கேன்மா, அழாதே" என்றார் அவர்.

"இனிமே நான் சொன்னேன்னு எதையும் தொடாதீங்க. டெஸ்டர் வெச்சுப் பாருங்க. நான் வேண்டாம்னாலும் வெச்சுப் பாருங்க. நான் என்ன சொன்னாலும் நம்பாதீங்க, கேட்டுதா?"

அவர் நிஜமாகவே யோசித்தார்.

"சரிம்மா. ஆனா இப்ப இதைச் சொல்றதும் நீதானே? இதை நம்பணுமா, வேண்டாமா?"

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஃபேன் இல்லாத கூடத்தில் இருவரும் வியர்க்க வியர்க்கச் சிரித்தார்கள். பிடித்த அவர் கையை மட்டும் அவள், எலக்ட்ரீஷியன் வந்து கதவைத் தட்டும்வரை விடவில்லை.