கார்த்திகேசு ஒட்டிய பக்கம்

கோலசிலாங்கூரில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு தோட்டக் கிராணியின், அதாவது கணக்கரின், வீட்டில் பிறந்த கார்த்திகேசு, வார நாட்களில் நில அலுவலக எழுத்தர். சனி, ஞாயிறுகளில் இசை நிருபர். எந்தத் தோட்டத் திருவிழாவில் இசைக்குழு வாசித்தாலும் பஸ் பிடித்துப் போய்விடுவார். கோலாலம்பூர் வார ஏடொன்றில் அவர் எழுதுவதைப் படித்துவிட்டுத்தான் பல கோயில்கள் அடுத்த ஆண்டுக்குக் குழு பிடித்தன.

1983இல் சுங்கை ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டமொன்றில் கச்சேரி முடிந்ததும் செல்லன் அவரை வழிமறித்தார். காலையில் ரப்பர் பால்மரம் சீவுகிறவர், மாலையில் குழுவில் பொங்கோஸ் மேளம் வாசிக்கிறவர்.

"சார், நாலு தடவ எங்க குழுவப் பத்தி எழுதிட்டீங்க. என் பேரு ஒரு தடவகூட வரல."

"நான் எழுதித்தானே அனுப்புறன், செல்லன்."

"அப்ப எலி தின்னுடிச்சா? ராவாங்ல ஒரு பெரிய குழு ஆள் எடுக்குது. பேப்பர்ல பேரு வந்தா கொண்டாந்து காட்டுன்னாங்க. இந்த வாரம் வரலன்னா வேற ஆளப் பாத்துக்குவாங்க லா."

திங்களன்று லீவு போட்டுவிட்டு, எழுதிய செய்தியோடு கார்த்திகேசு ஏட்டின் அலுவலகத்துக்கே போனார். அச்செழுத்து நீளநீளமான தாளில் வரும். அதைக் கத்தரித்துப் பக்கமாக ஒட்டுவது பாலனின் வேலை. இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டுவார்.

"வாசிச்சவங்க பேரெல்லாம் கடைசில வச்சா கத்திரிக்கோல் என்னா செய்யும்? வேணும்னா நீங்களே ஒட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு பாலன் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

அச்சாகி வந்த தன் செய்தியைக் கார்த்திகேசு ஒட்டினார். பத்து வரி மிஞ்சியது. கத்திரிக்கோல் தானாகவே அடிப்பகுதிக்குப் போனது. அங்கே செல்லனின் பெயர். கையை நிறுத்திவிட்டு, செய்தியின் தொடக்கத்தைப் படித்தார். கோயில் தலைவர் முருகையா குத்துவிளக்கு ஏற்றினார், தோட்ட நிர்வாகிக்குப் பொன்னாடை போர்த்தினார், நன்கொடையாளர்களுக்கு மாலை அணிவித்தார். சரியாகப் பத்து வரி. அப்படித் தொடங்கும்படி அவரிடம் யாரும் சொன்னதில்லை. கோயில் செய்தி என்றால் அவர் கை அப்படியே ஓடும்.

மேலிருந்து வெட்டினார். கச்சேரிப் படத்தின் கீழே வாசித்தவர்களின் பெயர்களைத் தடித்த எழுத்தில் ஒட்டினார்.

ஏடு வெளிவந்த அன்றே முருகையா தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "வெளக்கு ஏத்துனவன் பேரு இல்ல, கொட்டு அடிச்சவன் பேரு இருக்கு. என்னாய்யா நிருபர் நீ?"

"இடம் போதாமப் போச்சு, ஐயா."

பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

செல்லன் ராவாங் குழுவில் சேர்ந்தார். கார்த்திகேசுவுக்குக் கோயில் அழைப்புகள் குறைந்து, பிறகு நின்றே போயின. அழைப்பில்லாத நிருபருக்கு எழுத அதிகம் இருக்கவில்லை. ஆனால் பக்கம் ஒட்டிய அந்த மேசையை அவர் விரல்கள் மறக்கவில்லை. பாலன் வேறு ஏட்டுக்குப் போனதும், நில அலுவலகத்தை விட்டுவிட்டுப் பக்க வடிவமைப்பாளரானார்.

"பேப்பர் ஒட்டுறதுக்கே கவர்மெண்ட் வேலய விட்டனீங்கள்?" என்று மனைவி பூரணம் ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார்.

1987இல் செல்லன் தேடிவந்தார். இப்போது அவரே ஒரு குழு வைத்திருந்தார். கச்சேரிக்கு நோட்டீஸ் வேண்டும். கார்த்திகேசு கலைஞர்களின் பெயர்களை உச்சியில் பெரிதாக வரைந்து காட்டினார். செல்லன் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு, சார். ஆனா கோயில் தலைவர் பேர மேல போடுங்க. இல்லன்னா மேடை கெடைக்காது."

"உங்கட பேர்?"

"அடியில போதும். வெட்டிடாதீங்க, அவ்ளோதான்."

கார்த்திகேசு புதுத் தாள் எடுத்தார். முதல் கோட்டை அடியில் போட்டு, செல்லனின் பெயருக்கு அந்த இடத்தை ஒதுக்கினார். அதன் பிறகுதான் மேலே தலைவரின் பெயருக்குப் போனார்.