சங்குக்கு முந்தி, சங்குக்குப் பிந்தி

போன வாரம் ரத்த அழுத்த மாத்திரை வாங்குவதற்காகப் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் டோக்கனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். டாக்டர் கொடுத்த சீட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது. மாத்திரையின் பெயர் தெளிவான அச்சில் இருந்தது. அதற்கு நேரே காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு நிலா. வாசிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை ஒரு காலத்தில் எட்டி நின்றே வாசித்துச் சொன்னவள் நான். அத்தனை படிப்புக்கும் இப்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே போதும் என்றாகிவிட்டது.

உள்ளே யாரோ பி காம்ப்ளக்ஸ் மாத்திரை டப்பாவைத் திறந்திருக்க வேண்டும். அந்த வாடை உங்களுக்கும் தெரிந்திருக்கும். சத்துக்கான மாத்திரையில் எதற்காக இப்படியொரு நாற்றத்தை வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அது மூக்கில் ஏறியதும் நான் முதன்முதலில் வேலை பார்த்த மெடிக்கல் கடை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் பின்னால் இருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது. “மெடிக்கல் தாயிதான நீ?” முகம் எனக்குப் பிடிபடவில்லை, குரல் உடனே பிடிபட்டது. மாஞ்சோலை பேச்சியக்கா.

அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் நான் படித்த லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். பார்மசி படித்தபோது என்னை அழவைத்தது அந்தச் சுருக்கெழுத்துகள்தான். ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு வேளை, பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று. ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன், பி.சி. என்றால் பின், ஹெச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. எஸ்.ஓ.எஸ். என்றால் வேளை கிடையாது, தேவைப்பட்டால் மட்டும். எல்லாவற்றுக்கும் மூலம் லத்தீன். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்குக்கும் லத்தீனுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்கள். மறந்துவிடக் கூடாதென்று வீட்டில் எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு சுருக்கம் போட ஆரம்பித்தேன். அப்பாவுக்குக் காப்பி டி.டி.எஸ்., தம்பி குளிப்பது ஓ.டி., அதுவும் சந்தேகம்தான். அம்மா திட்டுவது எஸ்.ஓ.எஸ். “பொட்டப்பிள்ள படிச்சுக் கிழிச்சது இதுதானாக்கும்” என்று அம்மா அந்த மருந்தை உடனே ஒரு வேளை கொடுத்தாள்.

பரீட்சையில் நல்ல மார்க்குத்தான். வேலைக்குப் போன பிறகுதான் நான் படித்தது பாதி என்று தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அந்தக் கடை. முதலாளி மேலப்பாளையத்துக்காரர், எல்லோருக்கும் அவர் பாய் அண்ணாச்சி. வந்த புதிதில் திருச்செந்தூர்ப் பக்கத்து மீனவர் ஒருவருக்கு ஹெச்.எஸ். மாத்திரையைக் கொடுத்து, ராத்திரி தூங்கும்போது போடுங்கள் என்றேன். “ராத்திரி நான் கடல்ல கெடப்பேன். அங்கன எங்க தூங்க?” என்று அவர் சிரித்துவிட்டார். முக்கூடலில் இருந்து வந்த பீடி சுற்றும் பெண்ணுக்கோ காலை, மதியம் என்ற கணக்கே இல்லை. பீடித்தட்டை மடியில் எடுக்கும் நேரம் ஒன்று, இறக்கி வைக்கும் நேரம் ஒன்று, அவ்வளவுதான் அவளுடைய நாள். வேளையை அந்தந்த ஆளின் பிழைப்போடு சேர்த்துச் சொன்னால்தான் மாத்திரை வயிற்றுக்குள் போகும் என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டம் சேர்ந்ததும் பாய் அண்ணாச்சி எட்டிப் பார்த்து, “மாஞ்சோல பஸ்ஸுக்குப் போறவிய யாரு? முன்ன வாங்க” என்று குரல் கொடுப்பார். மத்தியான பஸ்ஸை விட்டுவிட்டால் மலைமேல் தேயிலை எஸ்டேட் ஆட்கள் பஸ் ஸ்டாண்டிலேயே சுருண்டு கிடக்க வேண்டியதுதான். அதனால் மற்றவர்கள் முணுமுணுக்காமல் விலகி வழி விடுவார்கள். அப்படி முன்னால் வந்து நின்றவள்தான் பேச்சியக்கா. தேயிலை பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். சீட்டு அவளுடைய கணவருக்கு. அதில் பி.டி. என்று இருந்ததை, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று சொன்னேன்.

“காலன்னா எந்தக் கால? சங்குக்கு முந்தியா, பிந்தியா?”

மலையில் யாருக்கும் கடிகாரம் தேவைப்படவில்லை. தேயிலை ஃபாக்டரிச் சங்கு ஊதினால் எழுந்திருக்கவும், மறுபடி ஊதினால் வேலைக்குக் கிளம்பவும், பிறகு சாப்பிடவும், திரும்பவும் என்று அவர்களுடைய நாள் முழுவதும் சங்கில்தான் ஓடியது. அதற்கப்புறம் மாஞ்சோலைச் சீட்டு எது வந்தாலும் நான் சங்கில்தான் சொல்வேன். ஏ.சி. என்றால் சோற்றுச் சங்குக்கு முந்தி. பி.சி. என்றால் பிந்தி. பேச்சியக்கா வேளைக்கு ஒரு விரலாக மடக்கி, வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, மாத்திரைகளைச் சேலை முந்தானையில் தனித்தனி முடிச்சாகப் போட்டுக்கொள்வாள். ஒரு வேளையும் தவறவிட்டதில்லை என்று அடுத்த முறை வரும்போது பெருமையாகச் சொல்வாள்.

ஆனால் நான் படித்த சுருக்கெழுத்துகள் வேளையோடு நிற்கவில்லை. அவள் கணவரின் சீட்டில் மேலே ஒரு மூலையில் சி.ஏ. என்று இரண்டே எழுத்தில் நோயின் பெயரும், பக்கத்தில் லிவர் என்றும் இருக்கும். கல்லீரலில் புற்று. எனக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியாது. டாக்டர் அவளிடம், மருந்தைக் கொடுங்கள், பார்ப்போம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் சீட்டை நீட்டும்போது அவள் கேட்பது ஒன்றுதான். “டாக்டரு என்ன எழுதிருக்காரு தாயி? அவியளுக்குச் சொகமாயிருமா?”

இதற்குப் பாய் அண்ணாச்சி முதல் நாளே வேலி போட்டுவிட்டார். “நோவு டாக்டருக்குத் தெரியும், ஆயுசு அல்லாவுக்குத் தெரியும். நமக்கு நேரம் மட்டும் தெரிஞ்சாப் போதும்மா.” அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததால் எனக்கு ஒன்றும் லேசாகிவிடவில்லை. வாசிக்கத் தெரிந்த கண்ணை வைத்துக்கொண்டு வாசிக்காத மாதிரி நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நான் சங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன்.

சில மாதங்கள் சீட்டில் சி.எஸ்.டி. என்று மட்டும் இருந்தது. அதே மருந்தைத் தொடரவும் என்று அர்த்தம். அதைச் சொன்னதும் பேச்சியக்கா முகம் மலர்ந்துவிடும். “மாத்தலயா? அப்பம் மோசமில்ல பாத்துக்க” என்று அவளே ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்வாள். நான் மாத்திரையை எண்ணுகிற மாதிரி குனிந்துகொள்வேன்.

பிறகு ஒருநாள் வந்தாள். வெளியே நல்ல வெயில். பாய் அண்ணாச்சி வழக்கம்போலக் கூப்பிட, முன்னால் வந்து சீட்டை வைத்தாள். பழைய மருந்துகள் எல்லாவற்றின் மேலும் ஒரே கோடாக இழுத்து நிறுத்தியிருந்தார் டாக்டர். கீழே ஒரே ஒரு வலி மாத்திரை. பக்கத்தில் எஸ்.ஓ.எஸ். அம்மாவின் திட்டுக்கு நான் வைத்த அதே பெயர். அடுத்து எப்போது வர வேண்டும் என்பது எழுதப்படவே இல்லை.

மாத்திரையை எடுத்து வைத்தேன். அவள் விரலை மடக்கத் தயாராக நின்றாள்.

“எந்தச் சங்குக்கு தாயி?”

“சங்கு இல்லக்கா. வலிச்சா மட்டும் குடுங்க.”

“வலிக்கலன்னா?”

“வேண்டாம்.”

“பழைய மாத்திரையெல்லாம்?”

“நிறுத்தச் சொல்லிருக்காரு.”

மடக்க வேளையில்லாமல் அந்த விரல்கள் விரிந்தபடியே இருந்தன. என்னைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். “நேரமில்லாத மருந்தா” என்றாள். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. டாக்டரும் நானும் பாய் அண்ணாச்சியும் அத்தனை மாதமாகப் பொத்தி வைத்ததை அவள் தானாகவே கண்டுகொண்டாள் என்பது எனக்குப் புரிந்தது. பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். குடித்தாள். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்” என்று ஒரே ஒரு முடிச்சோடு கிளம்பினாள். அன்று வீட்டுக்குப் போய் அழுதேன்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு அவள் ஒரே ஒரு தடவை கடைக்கு வந்தாள். அந்த வலி மாத்திரை அட்டையில் பெரும்பகுதி அப்படியே மிச்சம் இருந்தது. “வேற யாருக்காச்சும் குடு தாயி. அவிய ரொம்பக் கஷ்டப்படல” என்றாள். அப்படி வந்த மருந்தைத் திருப்பி வாங்க முடியாது. இருந்தும் பாய் அண்ணாச்சி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் எனக்குக் கல்யாணம், வேறு ஊர், வேறு வேலை. கடையும் இப்போது இல்லை, அந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள்.

போன வாரத்துக்கு வருகிறேன். பேச்சியக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரும் மலையை விட்டு இறங்கிவிட்டதைச் சொன்னாள். எஸ்டேட் ஓய்ந்துவிட்டது. இப்போது இங்கேயே பக்கத்துத் தெருவில் மகள் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கும் பிரஷர் வந்துவிட்டதாம். சீட்டை என்னிடம் நீட்டினாள். அதிலும் அதே சூரியன், அதே நிலா. நான் பெரிய படிப்பாளி மாதிரி, “காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணுக்கா” என்றேன்.

“அது படத்துலயே போட்டிருக்கே. எந்நேரம்னு எப்படிக் கண்டுக்கிட? இங்கன சங்கா ஊதுது? மக வேலைக்குப் போயிருதா. நெனச்ச நேரம் போடுதேன், சமயத்துல போட்டதையே மறந்துருதேன்.”

எனக்குத் தெரிந்த எல்லாச் சுருக்கத்தையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். மாத்திரையைக் கட்டி வைக்க அவளுடைய நாளில் ஏதாவது ஒரு முளை இருக்க வேண்டுமே என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். சமையல் மகள் பார்த்துக்கொள்கிறாள். சாப்பாடு, பசித்தால். தூக்கம், வந்தால். சீட்டை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அவளுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். மாத்திரையை வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பழையபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒரே முடிச்சு. எனக்கு எங்கிருந்துதான் அந்தப் பழைய பழக்கம் வந்ததோ, “பைய எந்திரிங்கக்கா, பஸ்ஸுக்கு நேரமாகலையா?” என்று கேட்டுவிட்டேன்.

பேச்சியக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“எந்த பஸ்ஸு தாயி?”