நோர்வேக்குப் போன வெயில்

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டை வாங்குவார்கள், பூட்டுவார்கள், திறப்பை யாராவது ஓர் அப்பாவியிடம் கொடுத்துவிட்டுப் பிளேன் ஏறுவார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த அப்பாவி நான். அக்காவின் ஃபிளாட் எனக்கு நேர் மேலே இருக்கிறது. அவளும் அத்தானும் நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் காலம் முழுக்க நின்றபடி மீன் வெட்டி வாங்கிய வீடு. பென்ஷன் எடுத்ததும் வந்துவிடுவோம் என்றார்கள். பென்ஷன் வந்த கையோடு அத்தானுக்குப் பாரிசவாதமும் வந்தது. அவர் கட்டிலில் விழுந்தார், அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டாள்.

நான் கிழமைக்கு ஒருதரம் மேலே போவேன். ஆளில்லாத வீடுதானே என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வருடக்கணக்கில் மறந்து போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன்: கடற்காற்றுக்கு லீவு கிடையாது. பிளக் பொயின்ட்டுகளின் பித்தளை பச்சை பிடித்துவிடும். மின்விசிறி சுற்ற மறந்துவிடும். பிரிட்ஜை நிறுத்தினால் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பீர்கள். நான் போய் எல்லாவற்றையும் ஒருதரம் போட்டு ஓடவிட்டு, பைப்புகளைத் திறந்து விட்டு, பிறகு வெறும் தரையில் இருப்பேன். பின்னேர வெயில் கடலில் பட்டு மேலே வந்து சீலிங்கில் அசைந்துகொண்டிருக்கும். கீழே கரையோர ரயில் போகும்போது கண்ணாடிகள் மெல்ல நடுங்கும். அரைத்தூக்கத்தில் அக்கா குசினியில் தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்ததும் உண்டு. வெட்கம்தான், வேறென்ன.

ஒருநாள் அக்கா போன் எடுத்தாள். குரல் சரியில்லை. அவர்கள் இருக்கிற இடத்தில் குளிர்காலம் வந்தால் சூரியன் இரண்டு மாதம் எட்டியே பார்க்காது. போன இருட்டுக் காலத்தில் அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், சாப்பாட்டுக்குக்கூட வாய் திறக்க மாட்டேன் என்றாராம்.

"டொக்டர் வெளிச்சப் பெட்டி ஒண்டு தந்தவர். அதைக் கண்டாலே மனுசன் கண்ணை மூடுறார். இன்னொரு இருட்டை இவர் தாங்கமாட்டார், பிள்ளை."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"எங்கட பல்கணியில ஒரு கமரா பூட்டு. கடலில சூரியன் விழுறதை ஒவ்வொரு நாளும் அவருக்குக் காட்டப்போறன்."

"உனக்கென்ன விசரே?" என்று கேட்டேன். எங்களுக்குள் ஒன்றரை வயதுதான் வித்தியாசம், மரியாதை எல்லாம் மற்றவர்களுக்கு முன்னால் மட்டும். கேட்டேனே தவிர, அன்றிரவு முழுக்க எனக்கு அந்தச் சுவர்தான் நினைவில் நின்றது.

பார்சலில் கமரா வந்தது, நோர்வேக்காரப் பிளக்குடன். உருண்டைக் கால் இரண்டு. எங்கள் வீட்டுப் பொயின்ட்டுகளோ சதுர ஓட்டை மூன்று. மேலே உள்ள ஓட்டையில் பேனை மூடியைக் குத்திக்கொண்டு இரண்டு காலையும் உள்ளே தள்ளுகிற வித்தை கொழும்பில் குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காலி வீதியில் எந்தக் கடையிலும் அடெப்டர் இருக்கிறது. நான் ஒன்று வாங்கி, வயரிங் வேலை செய்கிற பாஸைக் கூப்பிட்டு, பல்கணியில் கமராவைப் பூட்டினேன்.

முதல் நாள் பின்னேரம் நான் அதன் முன்னால் நின்று, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். போன் அடித்தது.

"தள்ளடி! கடலை மறைக்காதை!"

தள்ளி நின்றேன். இங்கே சூரியன் கடலைத் தொடுகிற நேரம் அங்கே மத்தியானம் கடந்த நேரம்.  போனில் அக்காவின் மூச்சு கேட்டது. பிறகு, "தலையைத் திருப்பிப் பாக்கிறார்," என்றாள்.

அதோடு தொடங்கியது தலையிடி. வெளிச்சம் மங்குகிற நேரம் பார்த்துக் கரண்ட் போகும். கமராவும் வைஃபையும் சேர்ந்து சாகும். அத்தான் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். "சோலர் பூட்டுவம்," என்றாள் அக்கா. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் சோலர் என்றால் கரண்ட் போனாலும் வீடு ஜெகஜோதியாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். கூரை நிறையப் பனல் பூட்டிய வீடும், பாட்டரி இல்லாவிட்டால், வீதியோடு சேர்ந்து இருண்டுதான் போகும். கம்பத்தில் ஏறி லைன் திருத்துகிறவனுக்கு ஆபத்து வரக்கூடாது என்று அது தானாகவே நின்றுவிடும். எங்களுக்குத் தேவை சின்னப் பனல் ஒன்றும் ஒரு பாட்டரியும்தான். அக்கா அங்கே யாரிடமோ விசாரித்து, எப்படிப் பூட்ட வேண்டும் என்று வரிக்கு வரி சொன்னாள். தெற்கே பார்க்க வேண்டும், நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். பாஸ் "ஹரி, மிஸ்," என்று சிங்களத்தில் சரி சொல்லிவிட்டு, அவள் சொன்னபடியே மொட்டைமாடியில் நிறுத்திவிட்டுப் போனார்.

பாட்டரி நிறையவே இல்லை. நான் பாஸை ஏசினேன், பாட்டரி விற்ற கடைக்காரரை ஏசினேன், கொளுத்துகிற வெயிலையும் ஏசினேன். அங்கே இருட்டுக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் மிளகாய் காயப்போட மொட்டைமாடிக்கு ஏறினேன். பாயை விரித்து மிளகாயைப் பரப்பிவிட்டு நிமிர்ந்தால், என் நிழலைக் காணவில்லை. காலடிக்குள் சுருண்டு கிடந்தது. சூரியன் உச்சந்தலைக்கு மேலே. மிளகாய் மல்லாந்து கிடந்து வெயில் குடித்தது. பனலோ பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி விறைத்து நின்றது. அதன் முகத்தில் வெயில் படவேயில்லை.

அங்கேயே நின்று போன் எடுத்தேன்.

"இதை ஏன் நிமித்தி வைக்கச் சொன்னனீ?"

"சரிச்சு வைச்சா மேல பனி தேங்குமெல்லே. வழுக்கி விழவேணும்."

"வெள்ளவத்தையிலயோ?"

 அக்கா சிரிக்கத் தொடங்கினாள். பாரிசவாதம் வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் கேட்டதில்லை. நான் மிளகாய்க்கு நடுவில் குந்தியிருந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

பாஸ் திரும்பி வந்து பனலைப் படுக்க வைத்தார், மழைத்தண்ணீர் வழிந்தோட மட்டும் கொஞ்சம் சரிவாக. உப்புப் படியாமல் நான் கிழமைக்கொருதரம் ஈரத்துணியால் துடைத்தேன். பாட்டரி நிறைந்தது. அங்கே இருட்டு இறங்கியது. மழைப் பின்னேரங்களில் சாம்பல் கடல்தான் அத்தானுக்குக் கிடைத்தது. அதையும் பார்த்தாராம். பார்த்துக்கொண்டே இரண்டு கரண்டி சூப் குடிப்பாராம்.

தை பிறந்து வானம் வெளித்த பிறகு ஒரு பின்னேரம் வெள்ளவத்தை முழுக்கக் கரண்ட் போனது. லிஃப்டும் நின்றது. நான் படிகளில் ஓடி மேலே ஏறினேன். ஃபிளாட் இருண்டு கிடந்தது, கமராவின் சின்னப் பச்சைப் புள்ளி மட்டும் உயிரோடு இருந்தது. வெளியே சூரியன் பெரிதாக, சிவப்பாக, அவசரமில்லாமல் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கமராவில் படாமல் சுவரோடு ஒட்டி நின்றேன். முகத்தில் சூடு பட்டது. அது கனவா நினைவா என்று தெரியாத நேரம்.

போன் அடித்தது. அக்கா அழுதாள்.

"மனுசன் நல்ல கையைத் தூக்கினவர். கண்ணுக்கு மேல வைச்சுக்கொண்டு பாத்தவரடி. கண் கூசுதாம் அவருக்கு."

அங்கே சூரியன் திரும்பி வந்த பிறகுதான் அத்தான் போனார். யன்னலில் வெயில் இருந்ததாம்.

கிரியைகள் எல்லாம் முடிந்தபின் ஒருநாள் மேலே போய்க் கமராவைக் கழற்ற ஸ்டூலில் ஏறினேன். போன் அடித்தது.

"ஏன் கழட்டுறாய்?"

"இனி ஆருக்கு, அக்கா?"

"எனக்கு. உள்ளுக்குத் திருப்பிவிடு. கட்டில் எங்க போடலாம் எண்டு பாக்கோணும்."

திருப்பினேன். வெறும் அறை, வெறும் சுவர், சீலிங்கில் கடல் வெளிச்சம். "யன்னல் பக்கம்," என்றாள். "படுத்தபடி கடல் தெரியோணும்."

"ரெட்டைக் கட்டில் கொள்ளுமோ எண்டு அளந்து பாக்கட்டே?" வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது. பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"ஒற்றைக் கட்டில் போதும்," என்றாள் அக்கா.

நான் அறை நடுவில் நின்று, மூக்கைச் சீலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து அழுதேன்.

"தள்ளடி," என்றாள். "சுவர் தெரியேல்லை."

நான் தள்ளவில்லை. அவளும் பிறகு சொல்லவில்லை.