டி-சட்டைக்கு வந்த வக்கீல் கடிதம்

வக்கீல் கடிதம் எங்கள் கிள்ளான் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் வந்தது. பக்கத்து ஊரான மேருவில் நான் பதினாறு வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து ஏதோ பழைய தாள் வந்திருக்கிறது என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஆட்குறைப்பில் அங்கிருந்து வெளியே வந்த பிறகு, துணியில் படம் அச்சடிக்கும் ஒரு சின்ன மெஷினை வாங்கி முன்னறையில் வைத்திருந்தேன். சனி ஞாயிறுகளில், தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் ஒரு மேசை போட்டு டி-சட்டை விற்பேன்.

அதிகம் விற்றது ஒரே ஒரு சட்டைதான். போர்வைக்குள் சுருண்டு படுத்திருக்கும் ஒரு பெண், பாதிக் கண்ணை மூடியபடி போனைக் காதில் வைத்திருப்பாள். கீழே, ‘வந்துகிட்டே இருக்கேன் லா’. பேச்சின் கடைசியில் ஒரு ‘லா’ போட்டு நம் ஊரில் இதைச் சொல்லாதவர் யார்? குளிக்கக்கூடப் போகாமல் சொல்வோம். வாங்குபவர்கள் சிரித்துவிட்டு, எப்போதும் தாமதமாக வரும் ஒரு தோழியை நினைத்து இன்னொன்றும் எடுத்துப் போவார்கள்.

அந்த வார்த்தைக்குத்தான் கடிதம். பெட்டாலிங் ஜெயாவில் வீட்டுக்கு வீடு சாப்பாடு அனுப்பும் ஒரு நிறுவனம் அதையே தன் பெயராக வைத்திருந்தது. அது அவர்களுடைய காப்புரிமையாம், வணிகச் சின்னமாம். பதினான்கு நாளுக்குள் விற்பனையை நிறுத்தி, மிச்சச் சட்டைகளை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டுமாம். மூன்று முறை படித்தேன். முதல் முறை பயந்தேன். மூன்றாவது முறை எனக்குக் கோபம்தான் வந்தது.

லோரி ஓட்டிவிட்டு வந்த கணவர், கடிதத்தைப் பார்த்ததும் சோர்ந்துபோனார். “விட்டுரு லா. பெரிய எடம். வேற ஏதாச்சும் எழுதி அடிச்சுக்கோ” என்றார்.

“பெரிய எடம்னா நம்ம வாயில இருக்கறத புடுங்கிக்கலாமா?” என்று கேட்டேன். அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் அறிவுசார் சொத்துகளைப் பதிவு செய்யும் அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் பொறுமையானவர். கடிதத்தைப் படித்துவிட்டு, இதை எழுதியவர் இரண்டு விஷயங்களைக் குழப்பியிருக்கிறார் என்றார். காப்புரிமை என்பது ஒருவர் உருவாக்கிய படைப்புக்கு, அதாவது படத்துக்கு, கதைக்கு, பாட்டுக்கு. உருவாக்கியதுமே அது அவருடையது, பதிவு செய்யாவிட்டாலும். எல்லாரும் பேசுகிற நாலு வார்த்தைக்கு அது கிடைக்காது. வணிகச் சின்னம் வேறு. இந்தப் பொருள் இந்தக் கடையுடையது என்று காட்டும் அடையாளம் அது. எந்த வகைப் பொருளுக்குப் பதிந்தார்களோ அதை ஒட்டித்தான் அதன் பலம். கணினியில் தேடிப் பார்த்தார். சாப்பாட்டுக்கும் விநியோகத்துக்கும் மட்டுமே பதிந்திருந்தார்கள். துணிமணிக்கு இல்லை. அந்தப் பெயரில் நான் சாப்பாட்டுக் கடை திறந்தால் அது தப்பு என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அன்று சாயங்காலம், யார்தான் இவர்கள் என்று போனில் அவர்களுடைய பக்கத்தைத் திறந்தேன். சாப்பாட்டுப் பெட்டியின் மேல், சட்டைக்காக நான் வரைந்த பெண் படுத்திருந்தாள். நிறத்தை மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். அதே பாதிக் கண், போர்வையின் ஓரத்தில் அதே முக்கோணக் கறை. என் வீட்டுப் போர்வையைப் பார்த்து வரைந்த படம் அது. அந்தக் கறை நான் இஸ்திரிப் பெட்டியை மறந்துவைத்ததால் வந்தது.

நானே போன் செய்து நேரம் கேட்டேன். போர்வையையும், வரைந்த தேதியோடு என் நோட்டுப் புத்தகத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பெட்டாலிங் ஜெயா போனேன். மேனேஜர் தமிழர்தான், முப்பது வயதிருக்கும். மரியாதையாகவே பேசினார். அக்கா மேல் கேஸ் போட விருப்பமில்லை, நிறுவனத்தின் அனுமதியோடு விற்பதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று தாளை நகர்த்தினார்.

நான் பையிலிருந்து போர்வையை எடுத்து அந்தத் தாளின் மேலேயே விரித்தேன். கறையைக் காட்டினேன். பக்கத்தில் நோட்டை வைத்தேன். அவர் குனிந்து நோட்டில் இருந்த தேதியைப் படித்தார். டிசைனரைக் கேட்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

“கேளுங்க தம்பி. உங்க பேரு உங்களுக்கு, சாப்பாட்டுக்கு வெச்சுக்குங்க, அதுல நான் குறுக்க வரல. ஆனா அந்தப் படம் என்னோடது. வார்த்த எல்லாருக்கும் பொது. இதுக்கு எனக்கு எதுக்கு உங்க பெர்மிஷன்?”

பேசிக்கொண்டே போர்வையை மடித்துப் பையில் வைத்தேன்.

படத்தை எடுத்துவிடச் சொல்லி நானும் கடிதம் எழுதினேன், ஆங்கிலத்தில், என் கையாலேயே. பதில் வரவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் அவர்களுடைய பக்கத்திலிருந்து போர்வைக்குள் படுத்திருந்த அவள் காணாமல் போனாள். பெட்டிகளில் வெறும் எழுத்து மட்டும் இருந்தது. மன்னிப்பு என்று ஒரு வரிகூட வரவில்லை. சட்டை விற்பதை நான் ஒரு வாரம்கூட நிறுத்தவில்லை.

இப்போது என் மேசைக்கு மூன்று மேசை தள்ளி ஒரு அண்ணன் அதே வார்த்தையைச் சட்டையில் அடித்து விற்கிறார். அவருடைய படத்தில் ஒருவர் கழிவறையில் உட்கார்ந்து போன் பேசுகிறார். துணிமணிக்கு நீயே அந்த வார்த்தையைப் பதிந்துகொள், அவர் கடையை மூடவைத்துவிடலாம் என்று கணவர் இப்போது உற்சாகமாகச் சொல்கிறார். பதிந்தால் பலிக்குமோ என்னவோ, எனக்கு மனமில்லை. அந்த நிறுவனம் என்னிடம் செய்ததை நான் இன்னொருவரிடம் செய்வதற்கா போர்வையைத் தூக்கிக்கொண்டு போனேன்? போன வாரம் அந்த அண்ணனிடமே ஒரு சட்டை வாங்கினேன். என் படத்தைத் தொட்டால் மட்டும் சண்டைக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன்.