பிராசசர் எத்தனை சதவீதம் வேலை செய்யுதுங்க?

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் மெஷினைக்கூடச் சரிசெய்துவிடலாம். அதில் தெரிகிற சதவீதத்தைக் கஸ்டமருக்குப் புரியவைப்பதற்குள் நாக்கு தள்ளிவிடும். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட பாவப்பட்ட ஜீவன்களே, உங்களிடம்தான் புலம்புகிறேன்.

பன்னிரண்டு

குமாரபாளையத்தில் சேலைக்கு டிசைன் போடும் ஆபீஸ் ஒன்று. அதன் ஓனர்தான் எனக்கிருந்த ஒரே பெரிய கான்ட்ராக்ட். என் கடை வாடகையே அவர் புண்ணியத்தில்தான் ஓடியது. ஒருநாள் போன் செய்தார். டிசைன் திறக்க நேரமாகிறதாம், ஆனால் பிராசசர் பன்னிரண்டு சதவீதம்தான் வேலை செய்கிறதாம்.

போய்ப் பார்த்தேன். பிராசசரில் எட்டு கோர், அதாவது எட்டு வேலையாட்கள். டிசைன் சாஃப்ட்வேரோ பழசு. ஒரே ஒருத்தனிடம்தான் வேலை வாங்கத் தெரியும். அவன் முழி பிதுங்க உழைக்கிறான், மீதி ஏழு பேர் சும்மா. எட்டில் ஒரு பங்குதான் அந்தப் பன்னிரண்டு என்று நிதானமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எட்டுத் தறி போட்ட பட்டறையில ஏழு தறி நின்னுச்சுன்னா, மேஸ்திரியத்தானுங்க அம்மிணி கேக்கோணும்?"

ஆறு

மேஸ்திரி என்றது என்னைத்தான். "கோர் நிறைய வேண்டாங்க, ஒத்தக் கோர் வேகமா ஓடற மெஷினா வாங்குங்க" என்று தலைகீழாக நின்று சொன்னேன். கேட்டால்தானே! கோயம்புத்தூர் போய்ப் பதினாறு கோர் மெஷினைக் காரில் ஏற்றிவந்து, சந்தனம் குங்குமம் வைத்து, என்னையே ஆன் செய்யச் சொன்னார்.

டிசைன் அதே ஆமை வேகத்தில் திறந்தது. பதினாறில் ஒரு பங்கு எவ்வளவு வரும்? ஸ்கிரீனில் ஆறு சதவீதம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் மெஷினைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "பன்னெண்டாவது இருந்துச்சுங்க. நீங்க தொட்டீங்க, அதுலயும் பாதி போயிருச்சு."

நூறு

கான்ட்ராக்ட் போயிற்று. வாடகை கட்ட முடியாமல் கடையையும் காலி செய்தேன். அவருக்கு வாய்த்த புது ஆள் வந்த அன்றே நூறு சதவீதம் காட்டிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். வயிற்றெரிச்சல் தாங்காமல், விட்டுவந்த ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிற சாக்கில் போனேன்.

அடப்பாவி! மூன்று ஆன்டிவைரஸை ஒன்றாகப் போட்டு, நாள் முழுக்க ஸ்கேன் ஓடவிட்டிருந்தான். ஃபேன் ரைஸ்மில் மாதிரி இரைகிறது. "ஏனுங்கண்ணா, இது வெட்டி வேலைங்க. டிசைன் இன்னும் லேட்டாகுமே?" என்றேன். ஓனர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "ஆமாங்க, முன்னைக்கு இப்ப இன்னும் லேட்டுத்தான். ஆனா பாருங்க அம்மிணி, ஒருத்தனாவது சும்மா உக்காந்திருக்கறானா?"

இந்த ஊரில் இப்போது சும்மா உட்கார்ந்திருப்பது நான் ஒருத்திதான்.