பகலில் காலியாக இருந்த வீடு

வியாழக்கிழமை காலை ஃபிலோமினாவின் தம்பி போன் செய்தார். "அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்தேன். முந்தின நாள் மாலைதான் அவளும் நானும் வெகுநேரம் பேசிச் சிரித்திருந்தோம். அவளைத் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூர் குக் டவுனில் ஒரு பங்களாவின் பின்பக்கத்துக் கார் ஷெட்டை இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம். அவள் பள்ளிப் பாடநூல்களுக்குப் படம் வரைவாள். நான் மருந்து விளம்பரங்களைத் தமிழில் எழுதுவேன். இருவருக்கும் முதலாளி கிடையாது, மாதச் சம்பளமும் கிடையாது. போன் வந்தால் அவள்தான் எடுப்பாள். "மேடம் மீட்டிங்ல இருக்காங்க சார்" என்பாள். அந்த மேடமான நான் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

பிறகு சாஃப்ட்வேர்க்காரர்கள் வந்தார்கள். பங்களாக்கள் ஒவ்வொன்றாக அபார்ட்மெண்ட் ஆயின. தெருமுனைத் தையல்கடை, கண்ணாடிக் கதவு போட்ட காபிக்கடை ஆனது. எங்கள் ஷெட்டையும் இடிக்கப்போவதாக வீட்டுக்கார அம்மா சொன்னார். அந்தப் பக்கத்தில் வேறு இடம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு கம்பெனியில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கே போய்விடுகிறேன் என்று ஃபிலோவிடம் சொன்னேன்.

"பிடிச்சிருந்தா போ லதா. பயந்துக்கிட்டுப் போகாதே" என்றாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடு."

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் எதிரே புதிதாக எழுந்திருந்த அபார்ட்மெண்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். வீடு வீடாக மணி அடித்தாள். சிலர் பாதிப் பேச்சிலேயே கதவைச் சாத்தினார்கள். எனக்குக் கூசியது. மூன்றாவது மாடியில் சுமா என்ற பெண் திறந்தாள். அவளும் கணவனும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள்.

ஃபிலோ கன்னடத்தில் கேட்டாள்: "பகல்ல உங்க வீடு சும்மாதானே இருக்கு? ஒரு ரூமை எங்களுக்கு வாடகைக்குக் குடுங்க. சிலிண்டர் வந்தா வாங்கி வைப்போம். வேலைக்கார அம்மாவுக்குக் கதவு திறப்போம். நீங்க வர்றதுக்குள்ள கிளம்பிடுவோம்."

சுமா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "சிலிண்டருக்காகப் போன வாரம்தான் லீவு போட்டேன்" என்று சிரித்துக்கொண்டே எங்களை உள்ளே கூப்பிட்டாள்.

கம்பெனி வேலைக்கு நான் போகவே இல்லை. அந்த அறையில் பல வருடங்கள் உட்கார்ந்து எழுதினேன், அவள் வரைந்தாள். நல்ல வருடங்கள்.

அடக்கத்துக்குச் சுமாவும் வந்திருந்தாள். "இப்பவும் அந்த ரூமை நாங்க ஆபீஸ்னுதான் சொல்றோம்" என்றாள்.

கூச்சம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் முன்பின் தெரியாத வீட்டின் மணியை அடித்துவிட்டு, கதவு திறக்கும்வரை ஓடாமல் நிற்க முடிகிறது. ஃபிலோ என்னிடம் விட்டுப்போனது அது.